பன்றித் தீவனத்தில் எதற்குக் களிமண்?

மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்தால் வெயிலில் காயப்போட்டு, புடைத்து எடுத்துத் தீவனத்தில் சேர்த்துவிடுகிறோம். பூசணம் காய்ந்து அடங்கிவிடும், சரி. அது சுரந்துவிட்டுப் போன நஞ்சு அப்படியே கிடக்கும். தீவன ஆலையின் சூடு அதைப் பெரிதாக அசைப்பதில்லை. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் மணியிலும் அது இருக்கலாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு என்று தெரியவந்தது. அஃப்லடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் அகப்பட்டது.

பன்றிக்கு இந்த ஒரு எதிரி மட்டுமல்ல. அஃப்லடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், ஒக்ராடாக்சின் சிறுநீரகத்தை. ஃபுமோனிசின் நுரையீரலில் நீர் கோர்க்க வைக்கும். 1989இல் அமெரிக்காவில் விளைந்த மக்காச்சோளத்தைத் தின்ற பன்றிகள் அப்படித்தான் மூச்சுத் திணறிச் செத்தன. ஜியரலினோன் பெண் ஹார்மோன் வேஷம் போடும். பருவத்துக்கே வராத பெண் குட்டியின் பிறப்புறுப்பு சிவந்து வீங்கி, சினைக்கு வந்ததுபோல் நிற்கும். அப்புறம் டிஆக்சிநிவலினால், சுருக்கமாக டான். பெயருக்கேற்ற ரவுடிதான். கிலோ தீவனத்தில் 1 மில்லிகிராம் அளவுக்கு வந்தாலே பன்றி தின்பது குறையத் தொடங்கும்; அளவு ஏற ஏற, தொட்டியருகே போகும், முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் தின்றுவிட்டுத் திரும்பிவிடும். இன்னும் கூடினால் வாந்தி.

இதற்குத்தான் களிமண். பென்டோனைட் களிமண்ணை மிக நுணுக்கமாகப் பார்த்தால் அடுக்கி வைத்த அப்பளக் கட்டுபோல இருக்கும். அஃப்லடாக்சின் மூலக்கூறு தட்டையானது. அந்த அடுக்குகளின் இடுக்கில் காகிதம் சொருகியதுபோல் நுழைந்து, அங்குள்ள கால்சியம் போன்ற அயனிகளைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும். குடல் அதை உறிஞ்ச முடியாது. களிமண்ணோடு சேர்ந்து சாணத்தில் வெளியேறிவிடும். இந்த வகைக் களிமண் அஃப்லடாக்சினை எப்படிப் பிடிக்கிறது என்பதை 1980களின் இறுதியில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் விரிவாக ஆராய்ந்தது. சோதனைகளில் பெரும்பாலும் டன் தீவனத்துக்கு 5 கிலோ கலந்தார்கள். நம்மூர்க் கோழிப்பண்ணைக்காரர்கள் ‘டாக்சின் பைண்டர்’ என்று சொல்வதும் பெரும்பாலும் இந்தச் சங்கதியைத்தான்.

ஆனால் டானிடம் களிமண் தோற்றுவிடும். அதன் மூலக்கூறு தட்டையாக இல்லாமல் புடைத்துக்கொண்டிருப்பதால் இடுக்கில் நுழையாது. பிடிக்க முடியாததை உடைக்க வேண்டும். உடைக்கும் வித்தை மாட்டிடம் இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்கள், டான் குடலுக்குப் போகும் முன்பே, நஞ்சுக்கு முக்கியக் காரணமான ‘எபாக்சைடு’ வளையத்தை முறித்துவிடும். பன்றிக்குப் பாக்டீரியாக் கூட்டம் பெரும்பாலும் பெருங்குடலில்தான். டானோ அதற்குள் சிறுகுடலிலேயே ரத்தத்தில் கலந்துவிடும். போலீஸ் ஸ்டேஷன் ஊரின் கடைக்கோடியில் இருப்பதுபோல.

எனவே மாட்டின் அந்த வயிற்று நீரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, வளர்த்து, உலர்த்தி, பன்றித் தீவனத்தில் கலந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அதை அனுமதித்தது. அடுத்த ஆண்டு ஃபுமோனிசினுக்கு ஒரு நொதி வந்தது. அந்த மூலக்கூறின் இரண்டு பக்கக் கிளைகளையும் அது கத்தரித்துவிடும். மிஞ்சும் தண்டுக்கு நஞ்சு வெகுவாகக் குறைவு.

அதனால் ‘எல்லா நஞ்சுக்கும் இது ஒன்றே போதும்’ என்று பொட்டலம் நீட்டுபவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த நஞ்சை, எந்த விலங்கில் வைத்துச் சோதித்தீர்கள்? கண்ணாடிக் குடுவையில் பிடித்ததெல்லாம் வயிற்றுக்குள் பிடிப்பதில்லை. தீவனத்தைச் சோதனைக்கு அனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. குவியலில் பூசணம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். ஒரு பிடி சுத்தமாக இருக்கும், அடுத்த பிடியில் நஞ்சு இருக்கும். ஓரத்தில் ஒரு கை அள்ளி அனுப்பினால் போதாது; பல இடங்களில், பல ஆழங்களில் எடுத்துக் கலந்து அரைத்த மாவைத்தான் அனுப்ப வேண்டும்.