கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியருக்கு வெளி நிதி: அறிவிப்பில் எழுதாத நிபந்தனைகள்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் கம்யூனிட்டி காலேஜில், அமெரிக்க அரசின் கிராண்ட் (திட்ட நிதி) என்றால் பணம் அநேகமாக உங்கள் பெயருக்கு வராது, கல்லூரியின் பெயருக்குத்தான் வரும். யோசனை உங்களுடையது, எழுதுவது நீங்கள். ஆனால் 'அனுப்பு' பொத்தானை அழுத்தும் அதிகாரம் கல்லூரி நியமித்திருக்கும் ஒருவரிடம் இருக்கிறது. அவர் விடுமுறையில் போய்விட்டால் உங்கள் ஆறு மாத உழைப்பும் அவரோடு விடுமுறையில் போய்விடும். அட்ஜங்ட், அதாவது பகுதி நேர ஒப்பந்த ஆசிரியர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திட்டத் தலைவராக அட்ஜங்ட் இருக்கக் கூடாது என்று நிதி தரும் அமைப்பு சொல்லாவிட்டாலும், பல கல்லூரிகளின் உள்விதி சொல்கிறது. ஒரு வரி எழுதுவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாண்டுக் கல்லூரிகளை மனத்தில் வைத்தே நடக்கும் பெரிய திட்டம், என்எஸ்எஃப் எனப்படும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஏடிஇ (மேம்பட்ட தொழில்நுட்பக் கல்வித் திட்டம்). 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது, தொழில்நுட்பப் பணியாளர்களை உருவாக்கும் படிப்புகளுக்கானது. கடைசித் தேதி வழக்கமாக அக்டோபர் முதல் வாரத்தில் வரும். 'அறிவியல் கல்வி' என்ற சொல்லைப் பார்த்து நர்சிங், மருத்துவ டெக்னீஷியன் துறைகளிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் உண்டு. மருத்துவப் பணியாளர்களை உருவாக்குவதே முக்கிய நோக்கம் என்றால் ஏடிஇ பணம் தராது. அடுத்தது, ஏடிஇக்குப் புதிய கல்லூரிகளுக்கென்று இருக்கும் தனிப்பிரிவு. போட்டி சற்றுக் குறைவாக இருக்கும் என்று எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். 'புதிது' என்பது உங்களைப் பற்றியதல்ல, கல்லூரியைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் வெல்டிங் துறை ஏடிஇ வாங்கியிருந்தால், கணினித் துறையில் இருக்கும் உங்களுக்கும் அந்தக் கதவு மூடியிருக்கலாம். எத்தனை ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். என்எஸ்எஃப் தளத்தின் அவார்ட் தேடலில் கல்லூரிப் பெயரைத் தட்டினால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

பலர் அடிபடும் இடம் ரிலீஸ் டைம், அதாவது திட்ட வேலைக்காக வகுப்புகளிலிருந்து விடுவிக்கப்படும் நேரம். "கிராண்ட் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று டீன் சொன்னால் நம்பாதீர்கள். கிராண்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்: ஐந்து வகுப்பும் நடத்த வேண்டும், திட்டத்தையும் நடத்த வேண்டும். எந்த செமஸ்டரில் எத்தனை கிரெடிட் விடுவிப்பு என்பதை மின்னஞ்சலிலாவது வாங்கிவையுங்கள். கணக்கையும் சரியாகப் போடுங்கள். இரண்டு செமஸ்டரிலும் 15 கிரெடிட் சுமையில் 3 கிரெடிட் என்றால் 20 சதவீதம். சம்பளம் 70,000 டாலர், காப்பீடு, ஓய்வூதியம் போன்ற சலுகைச் செலவு 30 சதவீதம் என்று வைத்தால், ஓராண்டுக்கு 14,000 உடன் 4,200 சேர்த்து 18,200 டாலர். உங்களுக்குப் பதிலாக வரும் அட்ஜங்டின் கூலி பெரும்பாலும் இதைவிடக் குறைவு என்பதால், "அதை மட்டும் போடுங்கள், பட்ஜெட் அழகாக இருக்கும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கூட்டாட்சி கிராண்டில் உங்கள் நேரத்துக்கு உங்கள் உண்மையான சம்பள விகிதத்தைத்தான் காட்ட வேண்டும். அட்ஜங்டுக்குக் கொடுத்தது போக மிச்சமாகும் தொகை எந்தக் கணக்கில் விழும் என்பதையும் அப்போதே கேளுங்கள். பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று: பெருமைக்காகக் கல்லூரிப் பங்கைச் சேர்ப்பது. "எங்கள் கல்லூரி 20,000 டாலர் போடும்" என்று யாராவது திட்ட விளக்கத்தில் எழுதிவிட்டால், என்எஸ்எஃப் அதைத் தடைசெய்யப்பட்ட தன்னார்வப் பங்களிப்பாகப் பார்க்கும். விண்ணப்பத்தைப் படிக்காமலே திருப்பி அனுப்பவும் செய்யலாம். லேப் இருக்கிறது, கருவி இருக்கிறது என்பதை வசதிகள் பகுதியில் டாலர் மதிப்பில்லாமல் எழுதுங்கள்.

மறைமுகச் செலவு, அதாவது மின்சாரம், அலுவலக நிர்வாகம் போன்ற பொதுச் செலவுக்காகக் கல்லூரி கேட்கும் பங்கு, இன்னொரு குழப்பம். அரசோடு பேசி முடிவுசெய்த விகிதம் இல்லாத கல்லூரி, 2024 அக்டோபர் 1 முதல் 15 சதவீதம் வரை கேட்கலாம். முன்பு 10. ஆனால் மொத்தத்தின் மேல் அல்ல. நேரடிச் செலவு 200,000 டாலர், அதில் ஒரே மெஷின் 60,000, மாணவர் பங்கேற்பு உதவித்தொகை 20,000 என்றால், இரண்டையும் கழித்து மிச்சம் 120,000இன் மேல் 15 சதவீதம், அதாவது 18,000. வணிக அலுவலகம் 30,000 என்று போட்டுத் தந்தால் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

அரசு நிதி கேட்கும் நிறுவனங்கள் பதிந்துகொள்ள வேண்டிய தளம் சாம்.கவ். அந்தப் பதிவு உங்கள் வேலையே அல்ல. அது காலாவதியானால் மாட்டிக்கொள்பவர் மட்டும் நீங்கள். 365 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்தவர் ஓய்வுபெற்றுவிட்டார், லாகின் அவர் கைப்பேசியில் கட்டுண்டு கிடக்கிறது என்றால், நிர்வாகியை மாற்ற நோட்டரி முத்திரையிட்ட கடிதம், அதன் பிறகு காத்திருப்பு. கல்லூரிக்கான பன்னிரண்டு எழுத்து அடையாள எண்ணான யூஇஐ கையில் இருப்பதும் முழுப் பதிவு இருப்பதும் ஒன்றல்ல. காலாவதித் தேதியைக் கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதுப்பித்துத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று வரும் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். பதிவு முற்றிலும் இலவசம்.

வடிவ விதிகளை அலட்சியம் செய்பவர்களுக்கு ஒரு தகவல்: 2017இல் பள்ளி மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார்செய்யும் கல்வித் துறையின் அப்வர்ட் பவுண்ட் நிதிக்கான போட்டியில் பல கல்லூரிகளின் விண்ணப்பங்கள் இரட்டை வரி இடைவெளி போன்ற விதிகளை மீறியதற்காகப் படிக்கப்படாமலே தள்ளப்பட்டன. நாடாளுமன்றத்தில் இரு கட்சியினரும் சத்தம் போட்ட பிறகுதான் எடுத்துப் படித்தார்கள். உங்களுக்காக அப்படிச் சத்தம் போட ஆள் வருவார்கள் என்று எண்ண வேண்டாம். என்எஸ்எஃப்புக்குத் திட்ட விளக்கம் 15 பக்கம், சுருக்கம் ஒரு பக்கம், கடைசி நாளில் உங்கள் ஊர் நேரப்படி மாலை 5 மணி. கல்லூரியின் உள் கெடு அதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ முன்னால் இருக்கும், அது அறிவிப்பில் இருக்காது.

வெளியே தேடும் முன் தொழிற்கல்வி டீனிடம் பெர்கின்ஸ் நிதி பற்றிக் கேளுங்கள். தொழிற்கல்விக்காகக் கூட்டாட்சி அரசு தந்து, மாநிலம் வழியாகக் கல்லூரிக்கு ஏற்கெனவே வரும் பணம் அது. இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேவை மதிப்பீட்டில் உங்கள் துறையின் தேவை பதிவாகாவிட்டால் பங்கு கேட்பது கடினம். மதிப்பீட்டுக் கூட்டம் எப்போது என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். மாணவர் உதவிப் பிரிவில் இருப்பவர்களுக்கு குறைந்த வருமான, முதல் தலைமுறை மாணவர்களுக்குக் கைகொடுக்கும் ட்ரையோ என்ற கூட்டாட்சித் திட்டங்களில் ஒன்றான எஸ்எஸ்எஸ் உண்டு, ஆனால் போட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான். தனியார் அறக்கட்டளைகளில் சில வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மட்டுமே தரும். அரசுக் கல்லூரிக்கு இதில் சிக்கல் வரலாம், அதனால் கல்லூரியின் சொந்த அறக்கட்டளை வழியாகப் போங்கள். கேட்பதற்கு முன் நிதி திரட்டும் பிரிவிடம் சொல்லிவிடுவது நல்லது, அதே கதவைக் கல்லூரித் தலைவர் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கக் கூடியது, வெளிநாட்டில் கற்பிக்கவோ ஆராயவோ உதவும் ஃபுல்பிரைட் யு.எஸ். ஸ்காலர். பல பிரிவுகளில் பிஎச்டி கேட்பதில்லை. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது, எச்1பி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2025இல் என்எஸ்எஃப் ஏற்கெனவே கொடுத்த பல கிராண்டுகளை நடுவில் நிறுத்தியது. அதனால் கிராண்ட் சம்பளத்தை நம்பி யாரையாவது வேலைக்கு எடுத்தால், பணம் நின்றால் என்ன ஆகும் என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மறுப்பு வந்தால் மதிப்பீட்டாளர்களின் கருத்துகளை கிராண்ட்ஸ் ஆபீஸ் அனுப்பிவைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். திட்டத் தலைவராக நீங்கள் இருந்தால், என்எஸ்எஃப் விண்ணப்பங்களுக்கான ரிசர்ச்.கவ் தளத்தில் உங்கள் லாகினிலேயே அவை இருக்கும்.