ஒரே கிறிஸ்துமஸுக்கு ரெண்டு கடன்

போன வாரம் செவ்வாய்க்கிழமை என்னிடம் கடன் ஆலோசனைக்கு ஒருத்தர் வந்தார். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. செல்போனில் ஒரு கடன் ஆப்பைத் திறந்து காட்டி, "மேடம், பதினஞ்சாயிரம்னு போட்டிருந்துச்சு, கைக்கு வந்தது பன்னெண்டாயிரத்து அறுநூறுதான், முப்பது நாள்ல பதினஞ்சையும் கட்டணுமாம்" என்றார். எதுக்கு வாங்கினீங்க என்றேன். கிறிஸ்துமஸ் செலவுக்கு. வீட்டில் தெரியுமா? "தெரியாது மேடம், சொன்னா அவ வருத்தப்படுவா. கம்பெனில அட்வான்ஸ் குடுத்தாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தார். கழுத்தில் கிடந்த செயினைக் கையால் பிடித்தபடியே பேசினார். தண்டலில் பத்தாயிரம் எடுத்திருக்கிறார், தினம் நூறு ரூபாய் கட்ட முடியவில்லை, செயினை வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்கிறார். எதுக்கு எடுத்தீங்க? கிறிஸ்துமஸ் செலவுக்கு. வீட்டுக்காரருக்குத் தெரியுமா? "குழுவுல குடுத்த பணம்னு சொல்லிட்டேன் மேடம். மழையில வேலையில்லாம அவரே நொந்து போயிருக்காரு."

பதிவேட்டில் முகவரி எழுதும்போதுதான் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒரே வீடு.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் சொன்னதை இவரிடமோ, இவர் சொன்னதை அவரிடமோ நான் சொல்ல முடியாது, அது எங்கள் வேலையில் செய்யக்கூடாத காரியம். "அடுத்த வாரம் வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று ரெண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினேன். (இதை எழுத அவர்களிடம் கேட்டுக்கொண்டேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் வங்கியில் முப்பது வருஷம் இருந்தவள், அதில் பாதிக்குமேல் நகைக்கடன் கவுண்டர். ஓய்வுக்கு அப்புறம் கடலூரில் வாரத்துக்கு ரெண்டு நாள் கடன் ஆலோசனைக்கு உட்காருகிறேன். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரைக்கும் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதே மாதிரி. இந்த வருஷம் பொறுமை போய்விட்டது, அதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கிறிஸ்துமஸ் திடீர்ச் செலவு இல்லை. தீபாவளி ஐப்பசியில் முன்னே பின்னே நகரும், ரம்ஜான் வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். கிறிஸ்துமஸ் மட்டும்தான் நம் தாத்தா காலத்திலிருந்து டிசம்பர் 25. அப்படியிருந்தும் "திடீர்னு பண்டிகை வந்துடுச்சு மேடம்" என்று என் முன்னால் உட்கார்ந்து சொல்கிறார்கள்.

சரி, நியாயமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நம் ஊரில் போனஸ் தீபாவளிக்குத்தான் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடி வெடிக்கும்போது நம் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்குமா, அந்தப் பணத்தில் பாதி அங்கேயே போய்விடும். அப்புறம் வடகிழக்குப் பருவமழை. தேவனாம்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தொழில் இல்லை, கொத்தனார், சித்தாள், பெயின்டர் யாருக்கும் வேலை இல்லை. இந்தக் கடற்கரையில் டிசம்பர் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி. 2011-இல் டிசம்பர் 30 விடியற்காலையில் ‘தானே’ புயல், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது. 2024-இல் நவம்பர் கடைசி நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது, பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம். அந்த வருஷம் வீட்டுச் சாமானே போனவர்கள்கூட ஸ்டார் கட்டினார்கள். அதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது, குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் வருமானம் குறைகிற மாதமும் செலவு கூடுகிற மாதமும் ஒன்றாகவே வருகிறது என்று தெரிந்த ஊரில், டிசம்பர் பத்தாம் தேதிதான் பணத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்போம் என்றால் எப்படி?

இப்போது என்னை ரொம்ப எரிச்சல்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். தண்டல். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே மேடம் பிடிக்கிறாங்க, பதினைந்து சதவீதம்தானே, நம்ம வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறாங்க." இந்த "தானே"வைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பொறுமையாகப் படியுங்கள். பத்தாயிரம் என்று பேர், கையில் வருவது 8,500. மறுநாளிலிருந்தே தினம் நூறு ரூபாய், நூறு நாளைக்குக் கட்டுகிறீர்கள். ஐம்பதாவது நாள் ஐயாயிரம் திருப்பிக் கொடுத்தாயிற்று, அவர் பணத்தில் உங்களிடம் மிச்சம் இருப்பது 3,500. எண்பத்தைந்தாவது நாள் அவர் கொடுத்த 8,500-ம் அவர் கைக்கே போய்விட்டது. அதற்கு மேல் பதினைந்து நாள் கட்டுவது உங்களிடம் இல்லாத பணத்துக்கு. ஆக நூறு நாளும் உங்களிடம் 8,500 இருக்கவில்லை, சராசரியாகப் பார்த்தால் அதில் பாதிதான் இருந்தது, அதுவும் நூறே நாள்தான், ஒரு வருஷம் இல்லை. ஒழுங்காகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதத்தை ஒட்டி வருகிறது. பதினைந்து இல்லை. நூற்றிருபது. இதே 8,500-ஐ வங்கியில் நகைக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால், முழுப் பணமும் நூறு நாள் உங்களிடமே இருந்தும் வட்டி 233 ரூபாய். திரும்பவும் சொல்கிறேன். அங்கே 1,500, இங்கே 233.

இதன் தம்பிதான் "மூணு வட்டி". போன மாதம் ஒரு பட்டதாரிப் பையன் என்னிடம், "பாங்க்ல ஒம்பது வட்டி, வெளியில மூணு வட்டிதான் மேடம், வெளியிலயே கம்மி" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்புகிறான். வெளியில் சொல்கிற மூணு, நூறு ரூபாய்க்கு மாதம் மூணு. வருஷத்துக்கு 36. வங்கியில் சொல்கிற ஒன்பது, வருஷத்துக்கே ஒன்பது. வட்டி என்று யார் என்ன எண் சொன்னாலும் "மாசத்துக்கா வருஷத்துக்கா?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் கடனே வாங்காதீர்கள்.

ஆப் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், கடன் கொடுப்பது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று பேர் போட்டிருக்கிறதா பாருங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்குப் பணம் வர வேண்டும், எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். அது இல்லையென்றால் மூடிவிட்டு வாருங்கள். உங்கள் தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், நாளைக்கு உங்கள் மாமியாருக்கும் மேஸ்திரிக்கும் போன் போவது அந்த வழியில்தான். போட்டோவை அசிங்கமாக மாற்றி மிரட்டினால் பயந்து இன்னொரு ஆப்பில் கடன் வாங்கி இதை அடைக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

தண்டல்காரரிடமோ வேறு யாரிடமோ ஏடிஎம் கார்டைக் கொடுப்பது, எழுதாத காசோலையிலும் வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது, ரேஷன் கார்டை அடகு வைப்பது, இதெல்லாம் இன்னும் நடக்கிறது, படித்தவர்களும் செய்கிறார்கள். செய்யாதீர்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பேர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள், மூன்று வருஷம் வரை சிறை. வீட்டு வாசலில் நின்று கத்தினால் கலெக்டர் ஆபீசிலும் காவல் நிலையத்திலும் மனு கொடுக்கலாம். மகளிர் குழுக் கடன் வசூலுக்கு வருகிற கம்பெனி ஆட்களுக்கும் நேரம் இருக்கிறது, காலை 9 மணிக்கு முன்னாலோ மாலை 6 மணிக்கு அப்புறமோ போன் போட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது.

நகைக்கடனில் ஒரே ஒரு எச்சரிக்கை. வருஷம் முடிந்து நகையை மீட்டு மறுபடியும் அடகு வைக்கும்போது, வங்கி வாசலில் நின்று "ஒரு நாளைக்குத்தான், மீட்டுத் தரேன், திருப்பி வச்சுக் குடுத்துடுங்க" என்று பணம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு நாளைக்கு அவர்கள் வாங்குவதை வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் தண்டல்காரர் சாமியாராகத் தெரிவார்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. அந்தப் புருஷன் பெண்டாட்டியையே பாருங்கள். அவர் கொண்டுவந்தது கம்பெனி அட்வான்ஸ் என்று அவள் நம்பினாள், அவள் எடுத்து வைத்தது குழுப் பணம் என்று அவர் நம்பினார். ரெண்டு பேருமே மற்றவர் பணம் சுலபமாக வந்தது என்று நினைத்ததால் செலவும் கூடிப்போனது. ஒருத்தர் மட்டும் கடன் வாங்கி உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு செட் துணியோடு நின்றிருக்கும். இப்போது கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புத்தாண்டு ஆராதனைக்கு ஒன்று, அவர் அக்கா பெண்ணுக்குத் தலைக் கிறிஸ்துமஸ் சீர் வேறு. மனசு நோகக்கூடாது என்று மறைத்ததுதான் பன்னிரண்டாயிரத்தில் முடிய வேண்டியதை இருபத்தோராயிரம் ஆக்கியது.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாளை எடுங்கள். டிசம்பர் 25 வரைக்கும் என்று எழுதாதீர்கள், ஜனவரி 31 வரைக்கும் எழுதுங்கள். புத்தாண்டு, பொங்கல், மூன்றாம் பருவ ஃபீஸ், கேரல் பாடி வருகிறவர்களுக்குக் கொடுப்பது, எல்லாம் அதில் வரட்டும். தீபாவளிக்கு யார் யார் பலகாரம் கொடுத்தார்கள் என்ற பட்டியலும் அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பாத்திரங்களைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க நம் யாருக்கும் மனசு வராது. அதற்குக் கடை கேக் வேண்டாம், அச்சு முறுக்கும் கல்கலாவும் வீட்டில் சுட்டால் போதும். யாரும் தராசு வைத்து நிறுக்கப் போவதில்லை.

பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு மேல் எல்லாருக்கும் புரியும். "இந்த வருஷம் ஒரு துணிதான், நீயே எடுத்துக்கோ" என்றால் அது கடையில் எவ்வளவு கவனமாக விலைச் சீட்டைப் பார்க்கிறது என்று பாருங்கள். நாம்தான் பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டு சொந்தக்காரர்களுக்காகச் செலவு செய்கிறோம்.

நிஜமாகவே அரிசிக்கே வழியில்லை என்றால் பங்குச் சாமியாரிடமோ போதகரிடமோ சொல்லுங்கள். பல கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, சத்தமில்லாமல் உதவுவார்கள். கடனை நினைத்து ராத்திரி தூக்கமில்லாமல், செத்துப்போகலாம் என்கிற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. என் கவுண்டருக்கு வந்த எந்தக் கடனும் பேசித் தீர்க்க முடியாத கடன் இல்லை. வராதவர்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

அடுத்த வருஷத்துக்கு என்றால், ஜனவரியிலேயே வங்கியில் மாதம் ஐந்நூறோ ஆயிரமோ ஆர்.டி. போடுங்கள், டிசம்பர் முதல் வாரம் கைக்கு வருகிற மாதிரி. தெருவில் பிடிக்கிற கிறிஸ்துமஸ் சீட்டு வேண்டாம். பதிவு செய்யாத சீட்டில் ஆள் ஓடிப்போனால் நான் என்ன ஆலோசனை சொல்வது?

அந்த வீட்டுக்காரர்கள் நேற்று சேர்ந்து வந்தார்கள். மழை, ரெண்டு பேரும் ஒரே குடையில். நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் டீ சொன்னேன். அவர்தான் முதலில் போனை எடுத்து மேசையில் வைத்தார். அவள் பார்த்துவிட்டு, திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், பையிலிருந்து தண்டல் சீட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். "நீயுமா?" என்றார். ரெண்டு பேரும் சிரித்தார்கள், அப்புறம் அவள் அழுதாள்.

செயினை வங்கியில் வைத்து ரெண்டு கடனையும் அடைப்பது, வட்டியை மாதாமாதம் கட்டிவிட்டு அசலை அவர் ஓவர்டைம் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, இன்னும் பிரிக்காத புத்தாண்டுத் துணியைக் கடையில் திருப்பிக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அக்கா வீட்டில் பேசுவதை அவர் ஏற்றுக்கொண்டார். நாலரை மணிக்கு அவள் அவசரமாக எழுந்தாள், ஐந்து மணிக்குத் தண்டல்காரர் வருவாராம். "நூறு இருக்கா?" என்று அவர் கேட்டார். அவள் கைக்குட்டையை அவிழ்த்து எண்ணிப் பார்த்தாள், எண்பது இருந்தது. மிச்சம் இருபதை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.