போனி புக்: ‘மட்டக்குதிரைக் கதை’ என்னும் சொல்லும் அதன் பொருளும்

ஆங்கிலச் சிறார் இலக்கியத்தில் ‘போனி புக்’ என்று பெயர்பெற்ற ஒரு கதை வகை உண்டு. 8 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட ஒரு சிறுமியின் கைக்கு எப்படியோ ஒரு சிறிய குதிரை வந்து சேர்கிறது. அதற்குத் தீனி வைத்து, தேய்த்துவிட்டு, பழக்கி, விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு கோடைக்காலத்துக்குள் தான் யார் என்பது அவளுக்குப் புலப்படுகிறது. எத்தனை நூல்களைப் புரட்டினாலும் எலும்புக்கூடு இதுதான். இவ்வகையைப் பற்றித் தமிழில் எழுத நேர்பவர்கள் ‘போனி கதை’ என்றும், ‘குதிரைக் கதை’ என்றும், ‘குதிரைக்குட்டிக் கதை’ என்றும் அவரவர் போக்கில் எழுதுகிறார்கள். மூன்றும் பொருந்தவில்லை என்பதும், ‘மட்டக்குதிரைக் கதை’ என்பதே தகுந்த சொல் என்பதும் இவ்விளக்கத்தின் முடிபு.

முதலில் ‘போனி’யை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் விடியற்காலையில் ஒரு கடை முன் நின்று போனி என்று சொன்னால் கடைக்காரருக்கு அன்றைய முதல் விற்பனைதான் நினைவுக்கு வரும். ‘இன்னும் போனியே ஆகலீங்க’ என்பது விலை படியாத வாடிக்கையாளரிடம் சொல்லப்படும் குறிப்பான வாசகம். அது இந்தியின் போஹ்னியிலிருந்து வந்த வேறொரு சொல். ஆங்கிலப் போனி கொங்குச் சிறுமியரை வந்தடைந்த வழி இன்னும் வேடிக்கையானது: இரட்டைச் சடையும் ரிப்பனும் கட்டாயமாக்கப்பட்ட பள்ளிகளில், விடுமுறை நாளில் மட்டும் போட்டுக்கொள்ளக் கிடைக்கும் ‘போனி டெயில்’ ஆக அது வந்தது. குதிரையைக் காணாமலே குதிரையின் வாலை மட்டும் நாம் இறக்குமதி செய்துகொண்டோம். ஒரே ஒலிக்கு இப்படி ஏற்கெனவே இரண்டு வேலைகள் இருக்கும்போது மூன்றாவதையும் அதன் தலையில் ஏற்றினால் ‘போனி கதை’ என்பது முதல் வியாபாரத்தின் கதையாகப் படிக்கப்படும் வாய்ப்பே மிகுதி.

ஆங்கிலச் சொல்லின் வேர் ஸ்காட்லாந்தில் வழங்கிய ‘பௌனி’ என்ற வடிவத்துக்குச் செல்கிறது. அதற்குப் பின்னால் குதிரைக்குட்டியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லும், அதற்கும் பின்னால் விலங்கு, பறவைகளின் இளமையைக் குறிக்கும் ‘புல்லுஸ்’ என்ற இலத்தீன் சொல்லும் இருப்பதாகக் கொள்வது வழக்கம். (புல்லுஸையும் நம் பிள்ளையையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஆவலுள்ளவர்கள் இருப்பார்கள், ஒலி ஒத்திருப்பதற்கு மேல் அதற்குச் சான்று இல்லை.) வேர்ப்பொருள் குட்டி என்றிருப்பதால் ‘குதிரைக்குட்டி’ என்று பெயர்ப்பதே சரி என்று வாதிடலாம். ஆனால் சொல் தன் வேரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. கழுத்து முதுகோடு சேரும் மேட்டுப் பகுதியில் அளந்து பார்க்கையில் பொதுவாக 14.2 கைக்கு, அதாவது 14 கையும் 2 அங்குலமும் என்ற உயரத்துக்கு மிகாமல் இருக்கும் முழுவளர்ச்சியடைந்த குதிரையே இன்று போனி எனப்படுகிறது. ஒரு கை என்பது 4 அங்குலம்; ஆகவே வரம்பு 58 அங்குலம், ஏறத்தாழ 147 சென்டிமீட்டர். இருபது வயதான போனியும் போனிதான்.

கதையின் உயிரே இந்த அளவில்தான் இருக்கிறது என்பதால் இதை நுணுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குட்டி வளரும், போனி வளராது. வளர்பவள் சிறுமி. சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியை ஒவ்வோர் ஓட்டையாக இறக்கிக்கொண்டே வந்து, ஒருநாள் இறக்குவதற்கு ஓட்டை இல்லாமல், கால்கள் குதிரையின் வயிற்றுக்குக் கீழே தொங்கும்போது அவளுக்கு அந்தக் குதிரை போதாது என்று பெரியவர்கள் முடிவுசெய்கிறார்கள். அதைத் தங்கைக்குக் கொடுப்பதா, விற்பதா, புல்வெளியில் சும்மா விட்டுவைப்பதா என்பது இவ்வகைக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல். சிறுமிப் பருவம் முடிவதை எந்த அறிவுரையும் இல்லாமல் காட்டிவிடும் இடமும் அதுவே. ‘குதிரைக்குட்டிக் கதை’ என்று பெயரிட்டுவிட்டால், குட்டியும் சிறுமியும் சேர்ந்து வளர்ந்து சேர்ந்து பெரியவர்கள் ஆகும் வேறொரு கதையை வாசகர் எதிர்பார்ப்பார்.

அளவைச் சொல்லும் தமிழ்ச்சொல் நம்மிடம் தயாராகவே இருக்கிறது. ‘மட்டு’ என்றால் அளவு, எல்லை. ‘என்னால் ஆன மட்டும்’ என்னும்போதும், கொத்தனார் சுவரின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போதும் அதே சொல்தான் நிற்கிறது. உயரத்தில் ஓர் அளவோடு நின்றுவிட்ட குதிரை மட்டக்குதிரை. அகராதிகளில் உள்ள இச்சொல் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இன்றும் பேச்சில் இருக்கிறது. கொங்கு நாட்டில் அதைக் கேட்பதற்கு ஏற்ற இடம் அந்தியூர். புதுப்பாளையம் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்குக் கத்தியவார், மார்வாரி போன்ற உயர்ந்த சாதிக் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் வந்து நிற்கும். பேரம் பேசுபவர் சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், உயரமும் பார்ப்பார். ரேக்ளாப் பந்தயங்களிலும் சிறிய குதிரை, பெரிய குதிரை என்று உயரத்தை வைத்தே பிரிவு கட்டுகிறார்கள். ஆக, வயதைவிட்டு உயரத்தை அளவுகோலாகக் கொள்ளும் ஆங்கிலச் சொல்லின் நுட்பம் இங்குள்ள குதிரைக்காரர்களுக்குப் புதிது அன்று.

‘மட்டம்’ என்றால் இழிவு என்ற பொருளும் உண்டே, ‘மட்டமான கதை’ என்று கேலி செய்ய மாட்டார்களா என்று ஒரு தடை எழலாம். எழட்டும். ஆங்கிலத்திலும் இவ்வகை நூல்களைச் சிறுமிகளுக்கான பொழுதுபோக்கு என்று ஓரமாக ஒதுக்கியவர்கள் உண்டு. இழிவுப் பொருளுக்கு அஞ்சி அளவுப் பொருளை விட்டுவிடத் தேவையில்லை.

‘குதிரைக் கதை’ என்ற பொதுப்பெயர் ஏன் போதாது என்பதற்கு வரலாறு விடை சொல்லும். 1877இல் அன்னா சீவெல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ குதிரையே தன் வரலாற்றைச் சொல்வதாக அமைந்தது. அதில் பேசப்படுவது குதிரை படும் பாடு, சிறுமியின் வளர்ச்சிக்கு அங்கே இடமில்லை. பிரிட்டனில் 1929இல் ‘போனி கிளப்’ தொடங்கப்பட்டுச் சிறார் குதிரையேற்றம் ஓர் அமைப்பாக வடிவம் பெற்ற பிறகே கதைகளில் சேணத்தின் மேல் சிறுமி ஏறினாள். 1935இல் வெளியான ஈனிட் பாக்னோல்டின் ‘நேஷனல் வெல்வெட்’ புதினத்தில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் 14 வயது மகள், குலுக்கல் சீட்டில் கிடைத்த குதிரையின் மேல் ஆண் வேடமிட்டு ஏறி, கிராண்ட் நேஷனல் என்ற புகழ்பெற்ற தடைதாண்டும் பந்தயத்தில் முதலாவதாக வருகிறாள். பெண் என்று தெரிந்தபின் அந்த வெற்றி அவளுக்கு நிலைப்பதில்லை. பந்தயத்துக்கு நுழைவுப் பணம் எங்கிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது: அவள் தாய் இளமையில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து பரிசாகப் பெற்று, பத்திரப்படுத்தி வைத்திருந்த பொற்காசுகள் அவை. கதையில் நடந்தது களத்தில் நடக்க நெடுங்காலம் ஆயிற்று. அப்பந்தயத்தில் முதன்முதலாக ஒரு பெண், சார்லட் புரூ, குதிரை ஓட்டியது 1977இல். ரேச்சல் பிளாக்மோர் என்ற பெண் வென்றது 2021இல்.

வகையின் இலக்கணத்தை வகுத்துக் கொடுத்த நூலாகச் சொல்லத்தக்கது அடுத்த ஆண்டு, 1936இல், ஜோனா கேனன் எழுதிய ‘எ போனி ஃபார் ஜீன்’. வசதி குன்றி நாட்டுப்புறத்துக்குக் குடிபெயர்ந்த வீட்டுச் சிறுமிக்கு உறவினர்கள் தமக்கு வேண்டாத மெலிந்த குதிரை ஒன்றைத் தள்ளிவிடுகிறார்கள். விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிவதால் ரொட்டித்துண்டுகளை அடுக்கிவைக்கும் கம்பிச் சட்டத்தின் பெயரால் அதைக் கேலியாக அழைத்து வந்தவர்களும் அவர்களே. அவள் அதைத் தேற்றுவதற்கு முன்பே அதன் பெயரை மாற்றி, குதிரை வீரன் என்று பொருள்படும் ‘கேவலியர்’ என்று புதுப்பெயர் சூட்டுகிறாள். பிறர் வைத்த பெயரை மறுத்துத் தானே ஒரு பெயர் வைக்கும் இச்செயலில் சிறுமியின் அடையாளம் குதிரையின் அடையாளத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

ஏறுபவரும் ஏறப்படுவதும் ஒரே பெயரில் நிற்பது தமிழுக்குப் பழகிய செய்திதான். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. அவனோடு பொருத மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ‘காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரி’ என்று சிறுபாணாற்றுப்படை இருவரையும் குதிரைகளையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறது. ஆனால் அந்தப் பெருமை ஆண்களோடு நின்றுவிட்டது. உலா இலக்கியத்தில் தலைவன் தேரிலோ யானையிலோ குதிரையிலோ வீதிவலம் வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் நின்று பார்த்து மயங்குவார்கள். கைகூடாத காதலை ஊரறியச் செய்யும் மடலூர்தல் என்ற துறையில் பனைமடலால் செய்த பொய்க்குதிரையின் மேல்கூடப் பெண் ஏறக் கூடாது என்று தொல்காப்பியம் வரையறுத்தது. கடல்போன்ற காமம் வருத்தினாலும் மடலேறாமல் பொறுத்திருப்பதே பெண்ணின் பெருமை என்று குறளும் (1137) வழிமொழிந்தது. அவ்வரம்பை வெளிப்படையாக மீறி மடலூர்வேன் என்று பெண்குரலில் பாடியவர் திருமங்கையாழ்வார், அவரும் ஆண். கொங்கின் சொந்தக் காவியமான அண்ணன்மார் கதையிலோ பொன்னரும் சங்கரும் குதிரையேறிப் போருக்குப் போக, வருவது உணரும் ஆற்றல் பெற்ற தங்கை தங்காள் வீட்டில் இருக்கிறாள். அவர்கள் மாண்டபின்தான் காட்டுக்குள் தேடிப் போகிறாள், அப்போதும் கால்நடையாகவே. குதிரையேறும் சிறுமி என்ற பாத்திரத்துக்கு நம் மரபில் இருக்கை காலியாக இருந்தது என்பதால்தான் இக்கதை வகைக்குத் தனிப்பெயர் வேண்டியிருக்கிறது. ‘குதிரைக் கதை’ என்றால் ஓரியும் காரியும் பொன்னரும் சங்கருமே வந்து நிற்பார்கள்.

இவ்விடத்தில் இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். இக்கதைகளைப் பற்றிப் பேசுகையில் அடிக்கடி வரும், சிறுமி நிலையைக் குறிக்கும் ‘கேர்ள்ஹுட்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சிலர் ‘பெண்மை’ என்று பெயர்க்கிறார்கள். அது வளர்ந்த பெண்ணின் பண்பு, பிழையான பெயர்ப்பு. ‘சிறுமிப் பருவம்’ என்பதே போதும். சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பொதுவாக 8 முதல் 11 வயதுவரை பெதும்பை என்றும், 12, 13 வயதில் மங்கை என்றும் வகுக்கின்றன. மட்டக்குதிரைக் கதையின் நாயகி பெதும்பையில் ஏறி மங்கையில் இறங்குபவள். கொங்கு வீடுகளில் பூப்புச் சடங்கான தெரட்டிச் சீர் நடக்கும் வயதும் அதையொட்டியதே. ஒட்டகம், குதிரை, கழுதை முதலியவற்றின் பெண்ணுக்குப் ‘பெட்டை’ என்ற பெயர் உரியது என்று தொல்காப்பிய மரபியல் சொல்ல, அதே சொல் இங்கே பொட்டையாகி, ‘பொட்டப்புள்ள இப்படிக் குதிரையாட்ட குதிக்கறதா, கண்ணு’ என்று அப்பத்தாக்கள் அதட்டும் பேச்சில் பேத்தியின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. பெட்டைக் குதிரை குதிக்கலாம், பொட்டைப் பிள்ளை குதிக்கக் கூடாது என்பது விந்தையான இலக்கணம்.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மட்டக்குதிரைக் கதைகளின் பெரும்பகுதி பந்தயத்தில் கழிவதில்லை, லாயத்தில் கழிகிறது. சாணம் வாரி, வைக்கோல் விரித்து, குளம்பில் சிக்கிய கல்லைக் கொக்கியால் நெம்பி எடுத்து, குளிரில் வாளியில் தண்ணீர் சுமந்து செல்லும் வேலைகள் பக்கம் பக்கமாக வரும். ஆங்கிலச் சிறுமிக்கு அவை விடுதலையின் சுவை கொண்டவை. தோட்டத்துச் சாளையில் வளரும் கொங்குச் சிறுமி பள்ளிக்குக் கிளம்பும் முன்பே கட்டுத்தறியைக் கூட்டி, சாணம் அள்ளி, எருமைக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டு, தண்ணி காட்டிவிட்டு வருபவள். அவளுக்கு இப்பக்கங்களில் வியப்பு ஏதும் இராது. அந்த எருமையின் பால்காசு அவள் கையில் நிற்பதில்லை, அது எந்தச் சந்தைக்குப் போக வேண்டும் என்பதை அவளிடம் யாரும் கேட்பதில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. அதே வேலையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உயிருக்காகச் செய்வதே கதையின் மையம். ஆகவே வேலைகளைச் சுருக்கிவிடலாம், ஆனால் குதிரை யாருடையது என்று பேசப்படும் வரிகளைச் சுருக்கலாகாது.

இனி, வழக்கில் கொள்ள வேண்டியவை. வகைப்பெயரை ‘மட்டக்குதிரைக் கதை’ என்று வல்லினம் மிகுத்து எழுதுக. ஓட்டும் சிறுமியைக் ‘குதிரை வீராங்கனை’ என்றால் போர்க்கள நெடி வீசும். ‘குதிரைக்காரி’ என்பது வளர்ப்பவள், ஓட்டுபவள் ஆகிய இரு பொருளையும் தாங்கும். ‘சவாரி செய்தாள்’ என்பதைவிடக் கொங்கு வழக்கில் ‘குதிரை ஓட்டினாள்’ என்பதே இயல்பு. சிறுவனை நாயகனாகக் கொண்டவற்றையும், குதிரையே பேசுவனவற்றையும், பந்தய லாபத்தை மையமாகக் கொண்டவற்றையும் இப்பெயரால் குறிக்கலாகாது. அவற்றுக்குக் ‘குதிரைக் கதை’ என்ற பொதுப்பெயரே போதும். கதையில் வரும் குதிரை 58 அங்குலத்தைத் தாண்டியதாக இருந்தாலும், சிறுமியும் அவளுக்குச் சொந்தமான குதிரையும் கதையின் நடுவில் நின்றால் அதை மட்டக்குதிரைக் கதை என்றே சொல்லலாம். ஆங்கிலத்திலும் அப்படித்தான் சொல்லி வருகிறார்கள்.