குழந்தை நடிகர் வளர்ந்துவிட்டால்

சீரியலில் திடீரென்று ‘ஏழு வருடங்களுக்குப் பிறகு’ என்று போடுவார்கள். பார்க்கிற நமக்கு அது கதையில் ஒரு திருப்பம். அதுவரை நடித்த குழந்தைக்கு அன்றோடு வேலை முடிந்தது. மறுநாள் அதே பெயரில் வேறொருத்தி வந்து, அதே நடிகையை ‘அம்மா’ என்று கூப்பிடுவாள்.

குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை தருவது என் தொழில். அப்படி மாற்றப்பட்ட ஒரு சிறுமியை அழைத்து வந்திருந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள், கண்ணாடி முன்னால் நின்று அழுது பழகுகிறாள் என்றார் அம்மா. சிறுமி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “நான் நல்லா அழலையா ஆன்ட்டி?” கதை தாவியதால் ஆளை மாற்றினார்கள் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. ‘ஷூட்டிங் லீவு’ என்று வீட்டில் சமாளித்திருக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் வளர்வதே பிரச்சினை. பால்பல் விழுந்தால் கன்டினியூட்டி (காட்சிக்குக் காட்சி முகம் ஒன்றுபோல் இருப்பது) போய்விடும் என்று கட்டுப்பல் தேடுவார்கள். குரல் உடைந்தால் அழைப்புகள் குறையும். இயல்பாக நடப்பதைப் பிள்ளை தன் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறது. ‘கமலைப் பாருங்கள்’ என்பார்கள். சரி, பார்ப்போம். 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் வந்தவர், வளர்ந்த பிறகு நாடகக் குழு, நடன உதவியாளர் வேலை என்று இருந்து, அப்புறம்தான் கதாநாயகன் ஆனார். அந்த நடு வருடங்களை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது அழுகைக் காட்சி. 1931-ல் வெளியான ‘ஸ்கிப்பி’ படத்துக்காக ஜாக்கி கூப்பர் என்ற சிறுவனை, உன் நாயைச் சுட்டுவிடுவோம் என்று மிரட்டி அழவைத்தார்கள். அந்த நடிப்புக்கு 9 வயதில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தன் வாழ்க்கையை எழுதியபோது அவர் தலைப்பாக வைத்தது அந்த நாயைத்தான். இன்றும் ‘அம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்க’ என்று காதில் சொல்லி ஷாட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கிளிசரின் எதற்கு இருக்கிறது?

பிள்ளைகள் சம்பாதிக்கும் பணத்தைக் காக்கச் சட்டம் வந்ததும் ஒரு பிள்ளை ஏமாந்த பிறகுதான். சாப்ளினுடன் நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன் பெரியவனாகிப் பார்த்தபோது, சம்பாதித்ததில் பெரும்பகுதி செலவாகியிருந்தது. 1938-ல் தாய் மீதும் தாயின் இரண்டாவது கணவர் மீதும் வழக்குப் போட்டார். மறுவருடம் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2017-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, பிள்ளையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாட்களைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கி வைப்புத்தொகையாகப் போக வேண்டும். மேக்கப்போடு காத்துக்கிடக்கும் நேரத்தையும் அந்த 5 மணி நேரத்தில் சேர்க்கச் சொல்லிப் பெற்றோர்தான் சண்டை போட வேண்டும்.

விருப்பமில்லாமல் நடிக்கவைக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆனால் அப்பா வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையின் கால்ஷீட் பார்க்க ஆரம்பித்த வீட்டில், எந்தக் குழந்தை ‘வேண்டாம்’ என்று சொல்லும்?

அதனால் முன்கூட்டியே வந்து கேட்கும் சில பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது, இருவரில் யாரும் வேலையை விடாதீர்கள் என்பதுதான். ஒப்பந்தம் போடும் அன்றே ‘இந்தப் பாத்திரம் கொஞ்ச காலம்தான், முடியும்போது நானே வந்து சொல்வேன்’ என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். நெருங்கிய தோழியின் பிறந்தநாளில் படப்பிடிப்பு விழுந்தால், ஒருமுறை தேதியை மாற்றக் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதிலேயே அது எப்பேர்ப்பட்ட கம்பெனி என்று தெரிந்துவிடும்.