சாம்பல் பிடிபட்டது, கந்தகம் தப்பியது

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நால்வழிச் சாலையில், உருண்டைத் தொட்டியைச் சுமந்து வரும் பல்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் வண்டி என்று நினைத்துக்கொண்டு விலகிப் போகிறோம். அவற்றில் சிலவற்றில் இருப்பது அனல்மின் நிலையத்துச் சாம்பல்.

தாழையூத்துப் பக்கம் சிமெண்ட் கல் அறுக்கும் அண்ணாச்சி ஒருவர் அந்தச் சாம்பலில் ஒரு பிடி அள்ளிக் கையில் கொடுத்தார். பார்க்கத் திருநீறு மாதிரி. ஆனால் திருநீறு விரலில் ஒட்டும், இது வழுக்கியது. "அந்தக் காலத்துல அள்ளிட்டுப் போனாப் போதும்னு இருந்தாவ. இப்ப இதுக்கும் வெல சொல்லுதாவ" என்றார்.

வழுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. நிலக்கரியோடு கொஞ்சம் களிமண்ணும் வருகிறது. கொதிகலனின் சூட்டில் கரி எரிந்து போக, களிமண் உருகித் துளியாகிப் புகையோடு பறக்கிறது. பறக்கும்போதே ஆறுவதால் ஒவ்வொரு துளியும் மழைத்துளி போல உருண்டுவிடுகிறது. நுண்ணோக்கியில் வைத்தால் பெரும்பாலும் கண்ணாடி மணிகள்!

எவ்வளவு வரும்? தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் 5 உண்டு. முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. இந்த அளவுள்ள ஓர் அலகுக்கு மணிக்குச் சுமார் 150 டன் நிலக்கரி வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். அப்படியானால் மணிக்கு 50 டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு அடியில் விழும், மிச்சம் 40 டன் புகையோடு மேலே கிளம்பும். தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் நம் மொட்டைமாடியில் வடகம் காயப்போட முடியாது.

தடுப்பது இ.எஸ்.பி. என்கிற, நிலைமின்சாரத்தால் தூசி பிடிக்கும் கருவி. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, அதே வித்தைதான், கொஞ்சம் பெரிய அளவில். புகை போகும் வழியில் வரிசையாக இரும்புத் தகடுகள், நடுவில் கம்பிகள். கம்பிகளில் 40,000 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். கம்பியைச் சுற்றியுள்ள காற்றே மின்னேற்றம் பெற்று, கடந்து போகும் தூசிக்கும் அதை ஏற்றிவிடுகிறது. தூசி போய்த் தகட்டில் அப்பிக்கொள்ளும். அவ்வப்போது ஒரு சுத்தியல் தகட்டைத் தட்டும். அப்பியது அடையாக உதிர்ந்து கீழே புனலில் விழும். அங்கிருந்து குழாய் வழியாகச் சேமிப்புத் தொட்டிக்கு, அங்கிருந்து பல்கருக்கு.

இனி சட்டம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் போட்ட விதிப்படி, 2003 முடிவதற்குள் வந்த பழைய அலகுகளின் புகையில் ஒரு கன மீட்டருக்கு 100 மில்லிகிராம் தூசிக்கு மேல் கூடாது. 2004 முதல் 2016 வரை வந்தவற்றுக்கு 50, அதற்குப் பின் வருபவற்றுக்கு 30. நாம் சொன்ன அலகிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 10 லட்சம் கன மீட்டர் புகை வருகிறது. 40 டன்னை அதில் வகுத்தால் கன மீட்டருக்கு 40,000 மில்லிகிராம். அதை 100-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் 400 துகளில் ஒன்றுதான் தப்பிக்கலாம். நல்ல நிலையில் இருக்கும் இ.எஸ்.பி. இதைச் செய்துவிடும்.

சரி, புகையோடு வெளிக்காற்றைக் கலந்துவிட்டால் அளவு குறைந்து காட்டாதா? பாலில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதானே. அதையும் யோசித்திருக்கிறார்கள். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்றும் சேர்த்தே அளக்க வேண்டும். எல்லாக் கணக்கையும் 6 சதவீத ஆக்சிஜன் இருப்பதாக மாற்றித்தான் காட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் லாக்டோமீட்டர் சொல்லிவிடும்.

சாம்பல் விஷயத்தில் சட்டம் பெரும்பாலும் ஜெயித்தது என்பேன். சாம்பலைக் கொட்டி வைக்கும் குளங்களும் அவற்றைப் பற்றிய புகார்களும் இல்லாமல் போகவில்லை. ஆனாலும் ஜெயித்தது, ஏனென்றால் சாம்பல் கண்ணுக்குத் தெரியும், அப்புறம் விலை போகும். சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லி 1999-லேயே ஆணை வந்தது. 2021 டிசம்பர் ஆணை முழுவதையும் பயன்படுத்தச் சொன்னது, தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் என்றது. பி.பி.சி. என்று அச்சிட்ட சிமெண்ட் மூட்டையில் 35 சதவீதம் வரை இந்தச் சாம்பல் இருக்கலாம். நம் புது வீடுகள் பலவற்றில் நிலக்கரிச் சாம்பலும் சேர்ந்திருக்கிறது.

கந்தகத்தின் கதை வேறு. அதே 150 டன் நிலக்கரியில் அரை சதவீதம் கந்தகம் என்று வையுங்கள். எரிந்ததும் மணிக்கு ஒன்றரை டன் கந்தக டை ஆக்சைடு ஆகிறது. வாயு என்பதால் இ.எஸ்.பி.க்கு அகப்படாது. கணக்குப் போட்டால் கன மீட்டருக்கு 1,500 மில்லிகிராம் வருகிறது. 2015 விதி 500 மெகாவாட்டுக்குக் கீழுள்ள பழைய அலகுகளுக்குக் கொடுத்த வரம்பு 600.

அதற்கு முன்பு இதற்கு என்ன சட்டம் இருந்தது? புகைபோக்கியின் உயரம்தான் சட்டம். 210 மெகாவாட் அலகென்றால் 220 மீட்டர், 500 என்றால் 275 மீட்டர். சிறிய ஆலைகளுக்கு ஒரு சூத்திரம்: மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வருகிறதோ, அதன் 0.3 அடுக்கை 14-ஆல் பெருக்கினால் வருவது மீட்டரில் உயரம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாயு இரண்டு மடங்கானாலும் உயரத்தை 23 சதவீதம் கூட்டினால் போதும். பக்கத்து ஊர்க்காரன் மூக்குக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் நோக்கம். மேலே போன வாயு காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவர் நுரையீரலில் இறங்கும்.

உண்மையில் பிடிக்க வேண்டுமானால் வழி பழையது: சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லை மாவாக அரைத்துத் தண்ணீரில் கரைத்து, ஒரு கோபுரத்துக்குள் புகை மேலே ஏற ஏற அந்தக் கரைசலை மழையாகப் பொழிய வேண்டும். அமிலத்தன்மையுள்ள வாயு சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சம் ஆகிவிடும். தாழையூத்துக்காரர்களுக்குச் சுண்ணாம்புக் கல்லைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜிப்சமும் சிமெண்டுக்கு வேண்டிய சரக்குதான்.

2015 விதிக்கு முதலில் கொடுத்த கெடு 2 ஆண்டு. பிறகு 2022 என்றார்கள். பிறகு ஆலைகளை அவை இருக்கும் இடத்தைப் பொறுத்து ஏ, பி, சி என்று பிரித்து மேலும் தள்ளினார்கள். 2025 ஜூலையில், சி பிரிவுக்கு இந்தக் கோபுரமே வேண்டாம், புகைபோக்கி உயரமாக இருந்தால் போதும் என்று ஆணை வந்தது. நாட்டின் அனல்மின் திறனில் முக்கால் பங்குக்கு மேல் அந்தப் பிரிவில்தான். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, கோபுரத்தை ஓட்டவே மின்சாரம் செலவாகும், சுண்ணாம்புக் கல் வெட்ட வேண்டும், அந்த வேதிவினையில் கரியமில வாயுவும் வரும் என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து மறுபடி உயரத்துக்கே வந்து நிற்பதை விஞ்ஞானம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காற்றுத் தரம் தேறாத நகரங்களின் பட்டியலில் உள்ள ஊர்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகள் பி பிரிவு. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்வார்களாம். தூத்துக்குடி அந்தப் பட்டியலில் இருக்கிற ஊர்.

காற்றாலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. வைகாசி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழும்போது, செங்கோட்டைக் கணவாயில் புகுந்த அதே காற்று கயத்தாறு வரை வந்து இறக்கைகளைச் சுற்றும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, ராதாபுரம் பக்கம். விலை குறைந்த மின்சாரம் வேறெங்காவது கிடைக்கிறது என்பதற்காகக் காற்றாலையை நிறுத்தச் சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே காற்று ஏறும்போது கரி இறங்க வேண்டும். 2023 விதிப்படி அனல் அலகுகள் 55 சதவீதச் சுமை வரை இறங்கி ஓடப் பழக வேண்டும்.

ஓர் அலகு தன்னால் இறங்க முடிந்த அளவுக்கும் கீழே போக வேண்டி வந்தால், அதை நிறுத்த வேண்டியதுதான். ஆறிப்போன கொதிகலனை மறுபடி எண்ணெய் ஊற்றித்தான் பற்றவைப்பார்கள். எண்ணெய்ப் புகையின் பிசுபிசுப்பு தகடுகளில் படிந்தால் தீப்பிடிக்கும் என்பதால், அந்த நேரத்தில் இ.எஸ்.பி.க்கு முழு மின்னழுத்தம் கொடுப்பதில்லை. காற்று விழுந்த மறுநாள் காலை புகைபோக்கியில் வழக்கத்தைவிடக் கருப்பாகப் புகை தெரிந்தால், உள்ளே இப்போதுதான் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம்.