ஹோல்ஸ்டர்: இடுப்புறையா, கருவியுறையா?

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தில், தோட்டத்து ஆள்கள் கத்தியும் சாணைக்கல்லும் வாங்கும் இரும்புச் சாமான் கடைகளில், இப்போது ஒரு பொருள் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. தோலாலோ தடித்த நைலான் துணியாலோ செய்யப்பட்டு, பின்புறம் பெல்ட் நுழைவதற்கு ஒரு வளையமும், முன்புறம் கவாத்துக் கத்தரியையோ சிறு கத்தியையோ செருகி வைக்கத் திறந்த வாயும் உடைய இப்பொருளை இளையவர்கள் 'ஹோல்ஸ்டர்' என்கிறார்கள். சிலர் 'பவுச்' என்கிறார்கள். பால்மரம் என்னும் ரப்பர் மரத்தை வெட்டிய தலைமுறையைச் சேர்ந்த பெரியவர்கள் 'கூடு' என்றும், மலாயில் 'சாருங்' என்றும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அண்மையில் என் கைக்கு வந்த ஒரு சொற்பட்டியலில் இதற்குத் தமிழ் 'இடுப்புறை' என்று அச்சிட்டிருந்தார்கள். இலக்கணப்படி அச்சொல்லில் பிழை எதுவும் இல்லை. இடுப்பு என்பது குற்றியலுகரச் சொல்; உயிரெழுத்தில் தொடங்கும் உறை வந்து சேரும்போது அந்த உகரம் நீங்கி இடுப்புறை என்றுதான் ஆகும். ஆனாலும் அச்சொல் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அந்த உறுத்தலுக்குக் காரணம் தேடியபோது கண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஹோல்ஸ்டர் என்பது, கையால் பிடித்து ஆளும் ஒரு சிறு கருவியையோ கைத்துப்பாக்கியையோ உடலோடு அசையாமல் ஒட்டி வைத்திருந்து, தேவைப்படும் நொடியில் ஒரே கையால் உருவி எடுக்க இடம்தரும் உறை. இதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. நடக்கும்போதும் குனியும்போதும் கருவி நழுவக் கூடாது. கை வைத்த உடனே தடையின்றி வெளியே வரவும் வேண்டும். பவுச் என்பது மூடியுள்ள சிறு பை; அதைத் திறந்த பிறகுதான் பொருளை எடுக்க முடியும். வாள், கத்தி முதலியவற்றின் அலகை முழுதும் மறைக்கும் உறையோ கூர்மையிலிருந்து ஆளைக் காப்பதற்காக ஏற்பட்டது. கடையில் மூன்றும் ஒரே கம்பியில் தொங்குவதால் பெயர்களும் கலந்துபோகின்றன.

ஆங்கிலத்தில் இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. டச்சு மொழியிலும் அதே வடிவில் இருக்கும் இச்சொல், மூடுதல், மறைத்தல் என்று பொருள்படும் பழைய வேர் ஒன்றிலிருந்து கிளைத்தது என்பர். தலையை மூடும் ஹெல்மெட்டும் அவ்வேரின் வழியினதே. தொடக்கத்தில் ஹோல்ஸ்டர் குதிரையின் சேணத்தில்தான் தொங்கியது; குதிரைவீரன் தன் கைத்துப்பாக்கியை அதில் செருகி வைத்திருந்தான். அது மனிதனின் இடுப்புக்கு இறங்கியது பிற்காலத்தில்தான். ஆகவே மூலச்சொல்லுக்குள் இடுப்பு என்னும் பொருள் எங்கும் இல்லை. மூடி மறைப்பது என்பதொன்றே உள்ளது. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

நம் அண்டை வீட்டு மொழியான மலாய் இவ்விடத்தில் நமக்கு நல்ல துணை. நாம் உடுத்தும் துணிக்குப் பெயராக உலகம் அறிந்திருக்கும் 'சாரோங்', மலாயில் 'சாருங்' என்னும் சொல்லே. தென்தமிழகத்திலும் இலங்கையிலும் கைலியைச் 'சாரம்' என்பதும் இதன் வழியே வந்தது. ஆனால் அச்சொல்லின் பழைய பொருள் ஆயுதத்தின் உறை என்பதாகும். பாராங் என்னும் பெரிய கத்தியின் உறை 'சாருங் பாராங்'. கிரிஸ் என்னும் குறுவாளின் உறை 'சாருங் கெரிஸ்'. அதோடு நில்லாமல் கையுறை 'சாருங் தாங்ஙான்', காலுறை 'சாருங் காக்கி', தலையணையுறை 'சாருங் பந்தால்' என்று அச்சொல் விரிந்துகொண்டே போகிறது. தமிழில் வாளுறை, கையுறை, காலுறை, தலையணையுறை என்று நாம் அடுக்குவதும் இதே வரிசைதான். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் நடந்திருப்பதைக் காணும்போது, இங்கே பிறந்து இரண்டையும் பேசி வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. பெல்ட்டை மலாயில் 'தாலி பிங்காங்' என்பர். இடுப்புக் கயிறு என்பது அதன் நேர்ப்பொருள். அதுவே நம் அரைஞாண்: அரை என்றால் இடுப்பு, ஞாண் என்றால் கயிறு. ஆனால் மலாயின் 'தாலி'யைக் கண்டு அதைக் கழுத்தில் கட்டும் தாலியோடு முடிச்சுப் போடக் கூடாது. கயிற்றைக் குறிக்கும் அச்சொல், மலாய் தன் இனமொழிகள் பலவற்றோடும் பகிர்ந்துகொள்ளும் பழஞ்சொல். ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு கொண்டாடும் பழக்கம் சொல்லாராய்ச்சிக்குப் பெருங்கேடு.

இனி நம் 'உறை'க்கு வருவோம். பதிற்றுப்பத்தில் 'புலியுறை கழித்த புலவுவாய் எஃகம்' என்று ஓர் அடி வருகிறது. புலித்தோலால் ஆன உறையிலிருந்து உருவப்பட்டதும், புலால் நாறும் வாயை உடையதுமான படைக்கலம் என்பது பொருள். உறையிலிருந்து எடுப்பதற்குக் 'கழித்தல்' என்னும் வினையே அன்று வழங்கியிருக்கிறது என்பதும் இவ்வடியால் தெரிகிறது. கிணற்றுக்குள் சுட்ட மண் வளையங்களை அடுக்கி எழுப்பும் உறைகிணற்றிலும் இச்சொல் உண்டு. தங்குதல் என்னும் பொருளில் 'வானுறையும் தெய்வத்துள்' என்று குறள் பேசும் உறைதலும், பால் கட்டியாவதைச் சொல்லும் உறைதலும் வடிவில் ஒன்றாகவே நிற்கின்றன. தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் இவற்றை ஒரே காலைப் பொழுதில் கண்டிருப்பார்கள். பால் வெட்டிய கத்தியைத் துடைக்காமல் உறையில் போட்டால், அலகில் ஒட்டிய பால் சில மணி நேரத்தில் உறைந்து, மறுநாள் விடியுமுன் மரத்தடியில் நின்று இழுத்தாலும் கத்தி எளிதில் வெளியே வராது.

இப்போது என் உறுத்தலுக்குக் காரணத்தைச் சொல்கிறேன். உறை என்னும் சொல்லின் முன்னால் எது வருகிறது என்று பாருங்கள். வாளுறை, கத்தியுறை, தலையணையுறை என்பவற்றில் உள்ளே இருக்கும் பொருள் முன்னால் வருகிறது. புலியுறை, தோலுறை என்பவற்றில் உறை எதனால் ஆனதோ அது வருகிறது. உடலுறுப்பின் பெயர் முன்னால் வந்தால், அந்த உறுப்பே உறைக்குள் புகுகிறது: கையுறைக்குள் கை, காலுறைக்குள் கால். பழந்தமிழில் காணிக்கைப் பொருளையும் கையுறை என்றார்கள். அது வேறு வழக்கு, இன்று எழுத்தில் மட்டுமே வாழ்கிறது. இந்த வரிசையில் 'இடுப்புறை' என்று ஒன்றை நிறுத்தினால், தமிழ்க் காது அதை இடுப்பை மூடும் உறை என்றே கொள்ளும். முதுகுவலிக்காரர்கள் இடுப்பைச் சுற்றி இறுக்கும் பட்டைக்குத்தான் அது பொருத்தமான பெயராக இருக்கும். 'இடையுறை' என்று மாற்றினாலும் குறை தீராது. இடை என்பது நடுவையும் குறிப்பதால் குழப்பம் கூடும். மேலுறை என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். மேல் என்பது உறுப்பின் பெயர் அன்று, ஓர் உறையின் மேல் மற்றோர் உறை என்னும் அடுக்கைச் சொல்வது.

'பை'யின் போக்கு இதற்கு நேர்மாறானது. தோள்பை, கைப்பை, சட்டைப்பை என்று பை தான் தொங்கும் இடத்தின் பெயரைத் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறது. கைப்பை கையில் தொங்குகிறது. கையுறையோ கையை விழுங்குகிறது. இந்த இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும். எனவே பவுச்சை 'இடுப்புப்பை' என்பது தமிழின் இயல்புக்கு முற்றிலும் ஒத்தது. ஹோல்ஸ்டருக்கோ உள்ளே வைக்கும் பொருளைச் சொல்லிக் 'கருவியுறை' என்பதே ஏற்றது. குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் உளியுறை, கத்தரியுறை, கத்தியுறை என்று அந்தந்தக் கருவியின் பெயரால் சொல்லலாம். துப்பாக்கியுறை என்று செய்தித்தாள்கள் ஏற்கெனவே எழுதிவருவதும் இந்த முறைப்படிதான். இடுப்பில் அணிவது என்னும் செய்தியைச் சொல்லியே தீர வேண்டிய இடத்தில் 'இடைவார்க் கருவியுறை' என்று ஓர் அடைமொழி சேர்த்தால் முடிந்தது. இடுப்பில் தங்கும் வாளை நம் முன்னோர் 'உடைவாள்' என்றார்கள். உடையோடு அணியும் குறிப்பை வாளின் பெயரில் வைத்தார்களே ஒழிய, உறையின் பெயரில் வைக்கவில்லை.

இடுப்பில் கருவி சுமக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை, இடுப்பில் கட்டிய 'அருவாப்பெட்டி' என்னும் கலத்தில் வைத்துக்கொண்டுதான் மரம் ஏறுவார்கள். இரண்டு கையும் இரண்டு காலும் மரத்துக்கு வேண்டியிருக்கையில், கூர்மையான கருவிக்கு இடுப்பைத் தவிர வேறு இடமில்லை. அங்கும் பெட்டி தாங்கியிருக்கும் பெயர் அரிவாளுடையது. ஹோல்ஸ்டர் செய்யும் வேலையை அப்படியே செய்த தமிழ்ப் பொருள் இதுவே என்பது என் கருத்து. பெட்டி என்றதும் மூடியோடு கூடிய சதுரமான பொருள் நினைவுக்கு வந்துவிடுவதால், இன்றைய தோலுறைக்கு அப்பெயரை நீட்டுவது மட்டும் கடினம்.

எங்கள் பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் முதல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அந்த மரம் பெருகித் தோட்டமாகி, அதை நம்பி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பாலின் அழுத்தம் விடியுமுன்தான் மிகுதி என்பதால் இருட்டிலேயே வெட்டுக்குப் போக வேண்டும். நெற்றி விளக்கு, வாளி, 'ஜெபோங்' என்னும் வெட்டுக்கத்தி. என் சித்தப்பா கத்தியை உறையில்லாமல் கால்சட்டையின் பின்பையில் செருகிக்கொள்வார். "கத்திய துணியிலயாவது சுத்தி வைங்க" என்று சித்தி சொல்லாத நாளில்லை. ஒரு மழைநாளில் கான் என்னும் வடிகாலின் மேல் கிடந்த பலகையில் வழுக்கி உட்கார்ந்தவர், தொடையில் ஆழமாக வெட்டுண்டு பல வாரம் வேலைக்குப் போகவில்லை. சொல்லைப் பற்றி எழுதும்போது பொருளைப் பற்றியும் நான் எழுதுவதற்கு அந்த இரத்தம் ஒரு காரணம்.

ஆகவே அணிந்துகொள்ளும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கருவியுறை, எடுக்கும் கையின் பக்கத்தில், இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் இருப்பது நல்லது. முன்வயிற்றில் இருந்தால் செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்கக் குந்தும்போது பிடி விலாவில் குத்தும். நட்டநடு முதுகில் இருந்தால் மல்லாந்து விழும்போது முதுகெலும்புக்கு ஆபத்து. வளையம் பெல்ட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தளர்ந்த வளையத்தில் உறையும் சேர்ந்து மேலே வரும், கத்தி வெளியே வராது. திறந்த வாயுள்ள உறையானால் பிடியின் மேல் மடியும் ஒரு வாரும் அழுத்துப் பொத்தானும் வேண்டும். கானைத் தாண்டுவதற்கு முன் அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். அடியில் நீர் வடிய ஒரு துளை இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் ஈரத்தில் தோல் நீரைக் குடித்துவிட்டு அலகில் துருவேற்றும். அதனால் இரவில் கத்தியைக் கழித்து, துடைத்து, எண்ணெய் தடவித் தனியே வைக்க வேண்டும். பாராங்கின் உறை, இரண்டு மரப்பலகைகளைச் சேர்த்துப் பிரம்பாலோ கயிற்றாலோ கட்டியது. உருவும்போது மற்றக் கையால் உறையின் கூர்ப்பக்கத்தைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது; பழைய கட்டு தளர்ந்திருந்தால் அலகு பலகைகளின் இடைவெளியைப் பிளந்துகொண்டு விரலை வெட்டும். முதுகுப்பக்கத்தைப் பிடிப்பதே முறை.

வேலை முடிந்து பட்டணத்துக்குள் வருமுன் கருவியுறையை இடுப்பிலிருந்து கழற்றிப் பையில் வைப்பதும் அவசியம். நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பதை மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றமாக்குகிறது. தோட்டத்தில் கருவியாக இருப்பது, தேநீர்க்கடை மேசையில் அப்படித் தோன்றாமல் போகலாம்.

சொல்லாக்கத்தில் கடைசியாக ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. உளி, கத்தி, கத்தரி, கருவி ஆகியவை இகரத்தில் முடிவதால் யகரம் பெற்று உளியுறை, கத்தியுறை என்று இயல்பாகச் சேர்கின்றன. அரிவாளும் அரிவாளுறை என்று சேர்ந்துவிடுகிறது. பாராங் மட்டும் ஒத்துழைப்பதில்லை. பேச்சில் அது 'பாராங்கு' என்று உகரம் பெற்று ஒலிப்பதால், சேர்த்து எழுதினால் 'பாராங்குறை' என்றாகி, பாராங்கில் ஏதோ குறை என்பதுபோல் படிக்க நேரும். அதை மட்டும் 'பாராங் உறை' என்று பிரித்து எழுதுவதே நல்லது.