மேல் ஓரத்தில் ஒரு சாவிப் படம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம். எட்டு கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர், ஒரு ஃபைபர் லைன். நெட்வொர்க்கில் ஏதாவது கோளாறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன ஆடி மாதம் ஒருநாள் காலையிலேயே முதலாளி போன் செய்தார்.

"தம்பி, ரெண்டு நாளா ஒரே ரோதனையா இருக்குதுங்க. கூகுள்ல எதைத் தேடினாலும் நீ மனுசனான்னு கேக்குது. டிராபிக் லைட்டைத் தொடு, ஜீப்ரா கிராசிங்கைத் தொடுங்குது. பையரோட போர்ட்டல் உள்ளயே விடமாட்டேங்குது. ஷிப்மென்ட் நாளுங்க இது."

"வர்றேங்க அண்ணா, யாரும் எதையும் ஆஃப் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய் ரௌட்டரைத் திறந்து பார்த்தால், கணக்குப் பிரிவுக் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து ராத்திரி முழுக்க அப்லோடு போயிருக்கிறது. எல்லாரும் வீட்டுக்குப் போய் ஷட்டர் இறக்கிய பிறகு, அதிகாலை இரண்டு மணிக்கு, யாருமில்லாத அறையில் இருந்து அந்த மெஷின் உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் சைட்டுகளுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். டாஸ்க் மேனேஜரில் பார்த்தபோது இலவச விபிஎன் ஒன்று, அதாவது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப், ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கு பார்க்கும் பையனிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "படம் பார்க்கிற சைட்டு ஒண்ணு ஓபன் ஆகலைங்க அண்ணா. அதுக்காகப் போன மாசம் போட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

அவன் மறந்துவிட்டான், விபிஎன் மறக்கவில்லை. அதன் நிபந்தனைகள் பக்கத்தைத் தேடிப் படித்தேன். பாதிக்கு மேல் போன பிறகு ஒரு வரி: உங்கள் சாதனம் சும்மா இருக்கும் நேரத்தில் அதன் இணைய இணைப்பைப் பிறர் பயன்படுத்த நீங்கள் சம்மதிக்கிறீர்கள். அதாவது இந்த அலுவலகத்தின் ஐபி முகவரியை, இணையத்தில் இந்த அலுவலகத்தை அடையாளம் காட்டும் எண்ணை, யார் யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வாடகை அவர்களுக்கு, கரண்ட் பில்லும் நெட் பில்லும் இவர்களுக்கு. அந்த யாரோ செய்த சேட்டைகளுக்குத்தான் கூகுள் நம் முதலாளியிடம் வந்து நீ மனுசனா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

இது புதுத் தந்திரம் இல்லை. 2015லேயே ஹோலா என்ற இலவச விபிஎன் இதே காரியத்துக்காக மாட்டியது. கோடிக்கணக்கில் ஆட்கள் வைத்திருந்த அந்தச் சேவை, இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களின் இணைப்பை லூமினாட்டி என்ற பெயரில் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஒரு இணையதளத்தைத் தாக்க அந்த இணைப்புகள் பயன்பட்டபோதுதான் விஷயம் பரவலாக வெளியே தெரிந்தது. அதைவிட மோசமானது 911 எஸ்5. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷைன்விபிஎன் என்று அப்பாவிப் பெயர்களில் இலவச விபிஎன்களைப் பரப்பி, அவற்றை நிறுவிய விண்டோஸ் மெஷின்களை எல்லாம் திருடர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை அதை முடக்கியபோது சொன்ன கணக்கு: 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள். அந்த விபிஎன்களை எப்படிக் கண்டுபிடித்து நீக்குவது என்று எஃப்பிஐ தனியாக ஒரு வழிகாட்டியே போட்டது. கொரோனா கால நிவாரண மோசடி முதல் குண்டு மிரட்டல் வரை அந்த முகவரிகளின் பேரில் நடந்திருக்கிறது. போலீஸ் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு வந்தால் முதலில் தட்டுவது அந்த வீட்டுக் கதவைத்தானே.

சரி, விபிஎன் என்பது உண்மையில் என்ன செய்கிறது? தெருமுனை டீக்கடைக்காரருக்கு நாம் எங்கே போகிறோம் என்று தெரியக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்து போகாமல் திரை போட்ட ஆட்டோ ஒன்றைப் பிடிக்கிறோம். டீக்கடைக்காரருக்கு ஆட்டோ மட்டும்தான் தெரியும். ஆனால் ஆட்டோக்காரருக்கு? ஏறின இடம், இறங்கின இடம், நேரம், எல்லாமே தெரியும். டீக்கடைக்காரர் இங்கே உங்கள் இணைய நிறுவனம். ஆட்டோக்காரர் விபிஎன் நிறுவனம். ரகசியம் காணாமல் போகவில்லை, கைமாறியிருக்கிறது. அதனால் இலவசமா, காசா என்ற கேள்விக்கு முன்னால் நான் கேட்பது வேறு: இந்த ஆட்டோக்காரருக்கு டீசல் யார் போடுகிறார்கள்?

ஃபேஸ்புக்கே ஒரு காலத்தில் இந்த ஆட்டோவை ஓட்டியது. 2013இல் ஒனாவோ என்ற இஸ்ரேல் நிறுவனத்தை வாங்கி, ஒனாவோ ப்ரொடெக்ட் என்ற இலவச விபிஎன்னைப் பாதுகாப்பு ஆப் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதன் வழியாக மக்கள் வேறு எந்தெந்த ஆப்களை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, போட்டியாளர்களை எடைபோட்டார்கள். 2018இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து அதை எடுக்க வேண்டியதாயிற்று, அடுத்த வருடம் மூடியே விட்டார்கள். 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. தரவைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிவிட்டு, அதைத் தங்கள் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைச் சரியாகச் சொல்லாததற்காக.

திட்டமிட்டு ஏமாற்றாவிட்டாலும் அலட்சியம் போதும். 2020 ஜூலையில் ஹாங்காங்கைச் சேர்ந்த யுஎஃப்ஓ விபிஎன்னின் தரவுத்தளம் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்தது. லாக், அதாவது யார் எங்கே போனார்கள் என்ற பதிவு, எதுவும் வைப்பதில்லை என்று விளம்பரம் செய்தவர்கள் அவர்கள். கிடந்ததோ லாக், அதில் கடவுச்சொற்கள்கூட அப்படியே வெட்டவெளிச்சமாக. 2016இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் தீநிரல் (வைரஸ் மாதிரி கெடுதல் செய்யும் நிரல்) அடையாளங்கள் தென்பட்டன. 18 சதவீதம் எதையும் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யவே இல்லை. ஆட்டோவில் திரையே இல்லை! பழைய ஆய்வுதான், ஆனால் என் கடைக்கு வரும் போன்களைப் பார்த்தால் நிலைமை பெரிதாக மாறினதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைப் படித்துவிட்டு, அப்போ காசு கொடுத்தால் நிம்மதி என்று கிளம்பிவிடாதீர்கள். லாக் வைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ப்யூர்விபிஎன், 2017இல் ஒரு இணையத் துன்புறுத்தல் வழக்கில் எஃப்பிஐக்குப் பதிவுகளைக் கொடுத்தது. பிடிபட்டவன் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் இல்லை என்று சொன்ன பதிவு எங்கிருந்து வந்தது? இன்னொரு வேடிக்கை, சிறந்த பத்து விபிஎன்கள் என்று பட்டியல் போடும் தளங்கள். எக்ஸ்பிரஸ்விபிஎன், சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் மூன்றும் கேப் டெக்னாலஜீஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். விபிஎன்களுக்கு மதிப்பெண் போடும் பெரிய தளம் ஒன்றையும் அதே நிறுவனம் 2021இல் வாங்கியது. மாப்பிள்ளை வீட்டாரே ஜாதகம் பார்த்துச் சொல்கிற மாதிரி. அதனால் அந்தப் பட்டியல்களை நான் பார்ப்பதே இல்லை.

பின்னே எதைப் பார்ப்பேன்? வாக்குறுதி சோதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். 2023 ஏப்ரல் 18 அன்று ஸ்வீடன் போலீஸ் தேடுதல் ஆணையோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனது. எடுத்துக்கொண்டு போக வாடிக்கையாளர் தரவு எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. முல்வாடில் கணக்கு தொடங்க மின்னஞ்சல்கூட வேண்டாம், ஓர் எண் மட்டும் தருவார்கள். மாதம் 5 யூரோ, ஒரு மாதம் எடுத்தாலும் ஒரு வருடம் எடுத்தாலும் அதே விலை. மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 85 சதவீதம் தள்ளுபடி, இன்னும் பத்து நிமிடம்தான் என்று கடிகாரம் ஓடவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆடித் தள்ளுபடிக்கூட ஒரு மாதம் இருக்கிறது.

இலவசத்தில் எதுவுமே ஆகாது என்றும் சொல்லமாட்டேன். புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டத்துக்கு டேட்டா வரம்பு கிடையாது. காசு கட்டுகிற வாடிக்கையாளர்கள்தான் அந்தச் செலவைச் சுமக்கிறார்கள் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். எந்த நாட்டு சர்வர் என்று தேர்ந்தெடுக்க முடியாது, ஒரு சாதனத்தில் மட்டும்தான். டீசல் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதல்லவா, அது போதும் எனக்கு. ஒரு கஷ்டம், அவசரத்தில் இதையெல்லாம் யோசிக்க முடியாது. 2022 ஏப்ரல் 3ஆம் தேதி இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, நானே விபிஎன் வழியாகத்தான் வந்திருக்கிறேன், இந்தத் தடையால் பயனில்லை என்று ட்வீட் போட்டார். அந்த மாதிரி நாளில் ஜனங்கள் முதலில் கண்ணில் பட்டதைத்தான் இறக்குவார்கள். நல்லதாக ஒன்றை நிதானமான நாளிலேயே பார்த்து வைத்துக்கொள்வது மேல்.

இந்தியாவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவின்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கொடுத்த ஐபி எல்லாவற்றையும் 5 வருடம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இப்போது சில ஆப்களில் இந்தியா என்று கொடி தெரிந்தாலும் மெஷின் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ வேறு எங்கோ இருக்கும். விபிஎன் போட்டபின் நெட் மெதுவாகிறது என்று புகார் சொல்கிறவர்களுக்கு, ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்.

என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு விபிஎன்னே தேவைப்படாது. பேங்க் ஆப், வாட்ஸ்அப், இன்றைக்கு இருக்கும் பெரும்பாலான சைட்டுகள் எல்லாம் ஏற்கெனவே மறையாக்கத்தோடுதான் வருகின்றன. இணைய நிறுவனத்துக்கு நீங்கள் எந்த சைட்டுக்குப் போனீர்கள் என்று தெரியும், அங்கே என்ன செய்தீர்கள் என்று தெரியாது. கூகுளில் லாகின் செய்துகொண்டே விபிஎன் போட்டால் கூகுளுக்கு நீங்கள் யார் என்பது தெரியத்தான் செய்யும். சில பேங்க் ஆப்கள் விபிஎன் ஓடினால் திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். லிங்க்கைத் தொட்டுப் பணம் போனவர்களை விபிஎன் காப்பாற்றியதாக ஒரு கேஸ்கூட நான் பார்த்ததில்லை. லாட்ஜ் வைஃபையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், தான் எந்தெந்த சைட்டுக்குப் போகிறோம் என்பதே வெளியே தெரியக்கூடாத நிருபர், வக்கீல், இவர்களுக்குத் தேவை இருக்கிறது. அவர்கள் காசு கட்டட்டும்.

திருப்பூர் கதைக்கு வருவோம். அன்இன்ஸ்டால் செய்த பிறகும் அதன் சர்வீஸ் ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டேன். இணைய நிறுவனத்திடம் பேசி ஐபி முகவரியை மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை முதலாளி தன் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஷிப்மென்ட் பேப்பரை ஏற்றினார். எல்லார் போனையும் வாங்கிப் பார்த்தேன். ஆண்ட்ராய்டில் விபிஎன் ஓடினால் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு சாவிப் படம் தெரியும், தெரியாவிட்டாலும் செட்டிங்ஸில் விபிஎன் என்று தேடினால் பட்டியல் வரும். மூன்று போன்களில் இருந்தது. அதில் இரண்டு பேருக்கு அதை எப்போது போட்டோம் என்றே ஞாபகமில்லை.

ஒரு வாரம் கழித்து முதலாளி மறுபடி கூப்பிட்டார். "இப்ப ஒண்ணும் கேக்கறதில்லைங்க தம்பி. ஆனா பெங்களூர்ல இருந்து பையன் வந்திருக்கறான், அவன் லேப்டாப்லயும் விபிஎன்னு ஒண்ணு இருக்குது. நானே எடுத்துரட்டுங்களா?"

"அது அவங்க கம்பெனி விபிஎன்ங்க அண்ணா. அதை எடுத்தா பையன் நாளைக்கு ஆபீஸ் நெட்வொர்க்குல லாகின் பண்ண முடியாது" என்றேன்.

"அப்ப இருந்துட்டுப் போகட்டுங்க" என்று வைத்துவிட்டார்.